வெளியே பூட்டிய வீடு

எழுபதுகளின் தொடக்கம் அது. பட்டப்படிப்பு முடித்த கையோடு, சென்னையில் ஒரு குழந்தைகள் நலச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்காவது ஒரு குழந்தையைக் கொடுமைப்படுத்துவதாகப் புகார் வந்தால், நேரில் போய் விசாரித்து மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். கண்ணில் படுகிற எல்லாரையும் சந்தேகப்படுவதுதான் என் வேலை என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

ஒரு நாள் ஆவடியிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே தொழிற்சாலைக் குடியிருப்பில் வசிப்பவர். சலவைச் சட்டை, தணிந்த பேச்சு. அண்ணனும் அண்ணியும் இறந்துவிட்டார்களாம். அவர்களுடைய ஒன்பது வயது மகளை, ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் செங்கல் சூளைக்குப் போகிற ஒரு பெண்மணி பிடித்து வைத்துக்கொண்டு, சூடு வைப்பதாகவும் வீட்டுக்குள் போட்டுப் பூட்டுவதாகவும் சொன்னார். "அண்ணன் போனதுலேருந்து குழந்தை முகத்தைக்கூடப் பார்க்க விடலைங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆவடியில் ரயிலை விட்டு இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு கூரை வீடு. கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒரு சிறுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புகாரில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

"பாப்பா, கொஞ்சம் கிட்ட வா" என்றேன். அவள் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

"இன்னாம்மா, யாரு நீ? எட்டிப் பாத்துகினு கீறே?"

திரும்பினால் சூளைப் புழுதியோடு அந்தப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். பின்னாலேயே தெருப் பெண்கள் நாலைந்து பேர். சங்கத்தின் பெயரைச் சொன்னேன். எடுபடவில்லை.

"புள்ள புடிக்கிற கும்பலா? இல்ல அவன் அனுப்சானா?"

"எவன்?"

ஒருத்தி என் கைப்பையைப் பிடுங்கிப் பார்த்தாள். "பூட்டு எதுக்கு?" என்று கேட்டேன். "என் ஊடு, நான் பூட்டுவேன். நீ யாரு கேக்கறதுக்கு?" என்று சூளைக்காரப் பெண்மணி சீறினாள். கொஞ்சம் விட்டிருந்தால் அடியே விழுந்திருக்கும். கிளம்பிவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சுதான் இப்படிக் குறுகுறுக்கும் என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதியாகிவிட்டது.

ரயில் நிலைய வாசலில் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அன்றைக்கு வருவதை யாரிடமும் சொல்லவில்லை.

"பார்த்தீங்களா மேடம்? எப்ப கூட்டிட்டு வந்து தருவீங்க? இடது கையில, முழங்கைக்கு உள்பக்கம், பாவி எப்படிச் சூடு இழுத்திருக்கா பாருங்க."

தலையாட்டிவிட்டு வண்டி ஏறினேன். வில்லிவாக்கம் தாண்டும்போதுதான் உறைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கே அவள் கையில் தழும்பு இருப்பது தெரியாது. அண்ணன் இறந்ததிலிருந்து முகத்தையே பார்க்காத இவருக்கு அது எந்தக் கையில், எந்த இடத்தில் என்று எப்படித் தெரியும்?

மேலதிகாரியிடம் சொன்னேன். "சொந்தச் சித்தப்பாம்மா. அக்கம்பக்கத்துல கேள்விப்பட்டிருப்பார். குழந்தையை ஒப்படைச்சுட்டு அடுத்த வேலையைப் பாருங்க" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் அந்த மனிதர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஆவடியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவருடைய மனைவி கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தார். தென்மாவட்டத்துப் பேச்சு. நான் யாரென்று சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. என் தோளைத் தாண்டித் தெருவை ஒரு தடவை பார்த்தார்.

"அந்தப் புள்ளய இங்க கூட்டிட்டு வந்திராதீய" என்றார், உதடு மட்டும் அசைய. "தப்பிச்சுப் போனவ, அங்கயே இருக்கட்டும்."

பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. உடனே குரலை உயர்த்தி, "பழைய பேப்பர் ஒண்ணும் இல்ல, போங்க!" என்று கதவைச் சாத்தினார். சாத்துகிற கையில், அரைகுறையாக ஆறிய ஒரு சூட்டுக் காயம்.

அங்கிருந்து நேராகக் கோவில்பதாகைக்கு நடந்தேன். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்தாள் இங்கே வந்து தூக்கிட்டுப் போயிடுவான்னுதானே பூட்டறீங்க?" என்று கேட்டேன்.

செருகிய முந்தானையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு தபா வந்தான். யார் வந்து போறாங்கன்னு நோட்டம் வுட்டுகினே கீறான்" என்றாள். "அவங்கம்மாவும் நானும் ஒரே சூளை. அவங்கப்பன் செத்தப்புறம் இட்டுகினு போயி, ஊட்டு வேலைக்குப் போட்டு, சூடு வெச்சிக்கீறான். புண்ணோட ஓடியாந்துச்சு. நானா சூடு வெப்பேன்?" உள்ளேயிருந்து சிறுமி வந்து அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். "சித்தப்பா ஊட்டுக்கு நான் போவ மாட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகும் எளிதாக முடியவில்லை. நான் பிடிவாதம் பிடித்ததில் மேலதிகாரி விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்; விசாரணை முடியும்வரை சிறுமியை அரசு இல்லத்தில் விட வேண்டியிருந்தது. அழைத்துப் போன அன்று, "நல்லா பேசி ஏமாத்திட்டியே" என்று அந்தப் பெண்மணி மண்ணை வாரித் தூற்றினாள். நீதிமன்றத்துக்குச் சித்தப்பா வக்கீலோடு வந்தார். சிறுமி ஓடிவந்த அன்று புண்ணுக்குக் கட்டுப்போட்ட உள்ளூர் டாக்டர் சாட்சி சொன்னார். நீதிபதி சிறுமியைத் தனியாக அழைத்துப் பேசினார். சூளைக்காரப் பெண்மணியிடமே அவள் வளரலாம், நான் மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. போனேன். கடைசிவரை அந்தப் பெண்மணி என்னை முழுசாக நம்பவில்லை. வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்புவாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த நம்பாமைதான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது.

என் அறிக்கையில் அந்த மனைவி சொன்னதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது கணவர் கண்ணில் பட்டிருக்கும். வழக்கு முடிந்த பிறகு ஒரு தடவை அந்தக் குடியிருப்புக்குப் போனேன். வேறொரு குடும்பம் குடிவந்திருந்தது. மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு குழந்தையைக் காப்பாற்றினேன் என்று இன்றைக்கும் யாராவது என்னைப் பாராட்டினால், உதடு மட்டும் அசையப் பேசி அவளை உண்மையில் காப்பாற்றிவிட்டு, தனக்கென்று எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்ட அந்த அம்மாவின் கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.