அரை மீசையும் ஓர் எருமையும்

சுப்பராமனுக்குச் சிரிப்புக் கதை எழுத வராது என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். யாரும் சொல்லவில்லை. ஆகவே வாரம் முழுக்கப் பாளையங்கோட்டைத் தொலைபேசி அலுவலகத்தில் உட்கார்ந்து ‘லைன் டெட்’ என்று வருகிற புகார்களை எழுதுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பதின்மூன்று வயது தாண்டிய பிள்ளைகளுக்காகச் சிரிப்புக் கதை எழுதிக்கொண்டிருந்தார். இது தொண்ணூற்று நான்காம் வருஷத்துச் சங்கதி.

அவருடைய நண்பர் தானியேல் சமாதானபுரத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். அங்கிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று ஒரு மாத இதழும் நடத்திவந்தார். சுப்பராமனின் கதைகளில் எப்போதும் ஒரு குறும்புக்காரப் பையன் வருவான். மூன்றாம் பத்தியில் குறும்பு செய்வான், கடைசிப் பத்தியில் திருந்திவிடுவான்.

“ஸார்வாள், இந்தப் பயலுவ எல்லாம் ஏன் வே இவ்வளவு சீக்கிரம் திருந்துதானுவ?” என்றார் தானியேல். “எனக்குத் தெரிஞ்ச ஒரு பயலும் இன்னும் திருந்தலியே. கற்பனையெல்லாம் வேண்டாம். உம்ம வாழ்க்கையில நடந்தத எழுதும். நீரும் பதினாலு வயசத் தாண்டித்தான வந்திருப்பீரு.”

தம்முடைய அந்த வயசை நினைத்ததும் சுப்பராமனுக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பக்கமே போகக் கூடாது என்று முடிவு செய்தார். வீட்டிலேயே ஒரு பதினாலு வயசு, ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டு, நடமாடிக்கொண்டிருக்கும்போது தம்முடையதை எதற்குத் தோண்டவேண்டும்?

அவர் மகள் ஹம்ஸினிக்குப் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம். ஒட்டு மீசை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. தோழி ரீபா தன் வீட்டுக்கு ஓடி, சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைக் கொண்டுவந்து தடவிவிட்டாள். மீசை நின்றது. நாடகம் முடிந்த பிறகும் நின்றது. தேங்காயெண்ணெய், வெந்நீர், அம்மா ருக்குவின் வசவு, எல்லாம் போட்டுத் தேய்த்ததில் இடது பாதி மட்டும் வந்தது. மீதிப் பாதியோடு ஹம்ஸினி இரண்டு நாள், பல்வலி என்று சொல்லி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தாள். பள்ளிக்கூடமே நம்பியது. டீச்சர் ஒருவர் இரக்கப்பட்டுக் கிராம்பு கொடுத்தார்.

சுப்பராமன் இதைக் கதையாக எழுதினார். அவரைச் சும்மா குறை சொல்லக் கூடாது, மகள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தார். கதாநாயகிக்கு வித்யாலக்ஷ்மி என்று பெயர் வைத்தார். மற்றபடி ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு, ராஜா வேஷம், பல்வலி, கிராம்பு எல்லாம் இருந்தபடியே இருந்தன. கடைசியில் வழக்கம்போலத் தம்முடைய புனைபெயரைப் போட்டார்: ஹம்ஸினிப்ரியன்.

அச்சகத்தில் கதையை அச்சுக் கோத்த கம்பாசிட்டர் முப்பிடாதி சிரித்த சிரிப்பில் இரண்டு வரி எழுத்து தரையில் கொட்டிப்போயிற்று. தானியேலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதழ் வியாழக்கிழமை வெளிவந்தது. வெள்ளிக்கிழமை காலை பிரேயரில் ஹம்ஸினி போய் நின்றபோது, முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து இல்லாத மீசையை முறுக்கினார்கள்.

சாயங்காலம் அவள் இதழை அப்பா முன்னால் வைத்தாள். “பேரை மாத்தியிருக்கேள், சரி. கீழே போட்டிருக்கேளே, அது யார் பேர்?” என்று கேட்டாள். சுப்பராமன் எடுத்துப் பார்த்தார். அப்போதுதான் அந்த மகாபுத்திசாலிக்கு உறைத்தது.

அதற்கப்புறம் ஹம்ஸினி அவரோடு பேசவில்லை. ஊறுகாய் ஜாடி அப்பா பக்கத்தில் இருந்தால் ஊறுகாயே வேண்டாம் என்று எழுந்துபோனாள். சுப்பராமன் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி அவள் புத்தகப் பையில் வைத்தார். அதிலும் கடைசிப் பத்தியில் ஒரு நீதி இருந்தது. கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. மகள் ‘அப்பா’ என்று கூப்பிடாத வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உள்ளதைச் சொன்னால் இரண்டு கிலோ இளைத்துவிட்டார்.

இருபதாம் நாள் ருக்கு காபியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள். “கொழந்தை மானத்தை எடுத்துக் கடையிலே தொங்கவிட்டேளே, உங்க மானத்தை எங்கே வெச்சிருக்கேள்? பரண்லயா?”

சுப்பராமன் காபியைக் குடிக்காமல் எழுந்துபோய்ப் பேனாவைத் திறந்தார்.

அவர் பிறந்தது கல்லிடைக்குறிச்சி. பதினாலு வயதில் ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றை நீந்திக் கடந்ததாக வீட்டில் சொல்லிவைத்திருந்தார். ஹம்ஸினி அதை ஆறாம் வகுப்பில் ‘என் அப்பா’ என்று கட்டுரையாகவே எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறாள். உண்மை என்னவென்றால் மனிதருக்கு நீச்சல் தெரியாது. இன்றைக்கும் படித்துறையில் மூன்றாம் படிக்குக் கீழே இறங்கமாட்டார். அந்த வயதில் சேக்காளிகள் அக்கரைக்குப் போகவேண்டும் என்று பந்தயம் கட்டினார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கம். அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்த எருமைகளில் ஒன்றின் மேல், கோவணத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எருமைக்கு நட்டாற்று மணல்திட்டு ஓரத்தில் தண்ணீர் சுகமாக இருந்தது. படுத்துவிட்டது.

மூன்று மணி நேரம். ஊரே குளிக்க வந்து பார்த்தது. அம்மா கொடுத்தனுப்பிய தயிர்சாதத்தை ஒருவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நீந்திவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஸ்நானத்துக்கு வந்த ஹெட்மாஸ்டர் கரையிலிருந்தே, “சும்மாதானே உக்காந்திருக்கே, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு,” என்றார். சுப்பராமன் எருமை மேலிருந்து பதினாறாம் வாய்ப்பாட்டை முழுக்க ஒப்பித்தார்.

இத்தனையும் எழுதி, கதாநாயகனுக்குச் சுப்பராமன் என்றே பெயர் வைத்து, கீழே சொந்தப் பெயரையும் அலுவலக விலாசத்தையும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தானியேல் படித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பேரையாவது மாத்தும் வே. ஒரு பய உம்மள ரோட்டுல நடக்க விடமாட்டான்.”

“தெரியும்,” என்றார் சுப்பராமன். “அப்படியே போடும்.”

அப்படியேதான் நடந்தது. லைன்மேன் பீர் மைதீன் புகார்ப் பேரேட்டை எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, வண்ணாரப்பேட்டை லைன் டெட்டாக் கிடக்காம். எருமை கிருமை படுத்திருக்கான்னு பாத்துட்டு வரட்டா?” என்று கேட்டார். மேலதிகாரி வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். சுப்பராமனுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. மகள் பிரேயரில் பட்டது இதைத்தான் என்று அன்றைக்குத்தான் அவருக்குச் சரியாக விளங்கியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஹம்ஸினி கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலோரத்திலேயே நின்றார். அவள் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்போதும் சிரிக்கவில்லை. தொலைந்தது, இருந்த ஒரே பெருமையும் போயிற்று, மகளும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

“அந்த மூணு மணி நேரமும் நீங்க அழலையா?” என்று கேட்டாள்.

“அழுதேன்.”

“யாரும் பாக்கலையா?”

“எருமை பாத்தது. ஒரே ஒரு தடவை திரும்பி.”

ஹம்ஸினிக்கு அங்கேதான் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். ருக்கு அடுப்பை அணைத்துவிட்டு என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். ஒருவழியாகச் சிரிப்பு அடங்கியதும் ஹம்ஸினி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினாள்.

“அப்பா, மீசையோட ரெண்டாம் நாள் இன்னொண்ணு நடந்தது. பல்வலியைவிடப் பெருசு. அம்மாவுக்கே தெரியாது. சொல்றேன், ஆனா எழுதப்படாது.”

சொன்னாள். சுப்பராமன் அந்த வருஷம் கேட்டதிலேயே மிகச் சிரிப்பான கதை அதுதான். ஆறு பக்கம் தாராளமாக வரும். தானியேல் அச்சகத்தில் உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, கெஞ்சிக் கேட்டுப் பார்த்தார். இதை எழுதுகிற நானும் கேட்டுப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறக்கவில்லை.