சமையலறைத் தரையும் சாய்ந்த கேக்கும்

பிறர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் பதினாறு வருஷமாக என் பிழைப்பு. சாஃப்ட்வேர் டெஸ்டிங். யாரோ எழுதிய புரோகிராமை நான் உடைத்துப் பார்ப்பேன். உடைந்தால் எனக்கு நல்ல பெயர். அதனாலோ என்னவோ, டெக்ஸஸில் காப்பெல் என்ற ஊரில் நாங்கள் வாங்கியிருந்த பழைய வீட்டின் சமையலறைத் தரையை நானே போடுவது என்று முடிவு செய்தபோது எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. ஒரு தடவையாவது நான் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும், அதில் ஒருவரும் குறை சொல்லக் கூடாது.

எரிச்சல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தரை போட வருகிறேன் என்று சொன்ன ஒருவர் இரண்டு முறை நாள் குறித்தார், இரண்டு முறையும் வரவில்லை. நான் ஆபீஸில் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். மூன்றாவது முறை கூப்பிட்டபோது போனையே எடுக்கவில்லை. அன்று சாயங்காலம், விளிம்பெல்லாம் பெயர்ந்து பழுப்பேறிக் கிடந்த பழைய டைல்ஸ் மேல் நின்றபடி கணவரிடம் சொன்னேன்.

"நானே போட்டுடறேன்."

"தரையையா? வேற ஆள் பாக்கலாமே."

"பாத்த வரைக்கும் போதுங்க. வீடியோல எவ்ளோ ஈஸியா பண்றாங்க."

அவர் மேற்கொண்டு பேசவில்லை. அந்த வருஷம் அவர் எதற்குமே மேற்கொண்டு பேசுவதில்லை. செப்டம்பரில் அவர் கம்பெனியில் ஒரு பிரிவையே மூடியபோது அவருடைய வேலையும் போயிருந்தது. கிரீன் கார்டு இருந்ததால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கவலை இல்லை. காலையில் மாடியறையில் உட்கார்ந்து வேலைக்கு அப்ளை பண்ணுவார். மதியம் கீழே வந்து ஏதாவது பேக் செய்வார். முதலில் பழுத்துப்போன வாழைப்பழங்களைத் தீர்ப்பதற்காக ஒரு பனானா பிரெட். பிறகு ராகி பிஸ்கட், முட்டை போடாத தயிர் கேக், வெள்ளை பிரெட். பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அவருக்கு எல்லாம் நன்றாக வந்தது. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அவர் கேக்குக்கு ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். வேலை போன மனிதர் எவ்வளவு தெம்பாக இருக்கிறார் பாருங்கள் என்றார்கள். ஒற்றைச் சம்பளத்தில் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்த என்னை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்ட ஞாபகம் இல்லை.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையின் நான்கு நாட்களில் முடித்துவிடுவது என் திட்டம். பழைய டைல்ஸை உடைத்து எடுக்க வேண்டியதில்லை, அதன் மேலேயே புதியதை ஒட்டலாம் என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். அதே வீடியோவில் அவர் வேறு சிலவும் சொல்லியிருக்க வேண்டும். நான் வேகமாக ஓட்டிவிட்டேன்.

நான்கு நாளில் மூன்று வரிசைகூட முடியவில்லை. டைல் ஒட்டும் கலவையை முதல் தடவை தண்ணீராகக் கரைத்தேன், டைல் மிதந்தது. இரண்டாவது தடவை கெட்டியாகிப் போனது. வாளியோடு தூக்கிப் போட்டேன். டைல் வெட்டும் மெஷின் வாடகைக்கு எடுத்து வந்து, கராஜில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க வெட்டினேன். ஐந்துக்கு ஒன்று மூலையில் உடைந்தது. முட்டியில் கட்டியிருந்த பட்டையையும் மீறி முட்டி கன்றிப்போனது. திங்கட்கிழமை மீட்டிங்கில் நாற்காலியில் இருந்து எழுந்திருக்க முடியாமல், எல்லோரும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு வேலை வார இறுதிகளுக்கு இழுத்துக்கொண்டு போனது. டிசம்பர் முழுக்க வீட்டில் சிமென்ட் தூசி. சாம்பாரில்கூட நறநறவென்று இருப்பதாக மகள் சொன்னாள். பன்னிரண்டு வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

"மாம், வென் இஸ் திஸ் கோயிங் டு எண்ட்?"

"முடியறப்ப முடியும். ஓரமா நடந்து போ."

இவ்வளவுக்கும் நடுவில் அவர் ஒரு சின்ன டோஸ்டர் ஓவனை கராஜில் வைத்துக்கொண்டு பேக்கிங்கைத் தொடர்ந்தார். நான் தரையில் குப்புறக் கிடந்து இடைவெளி சீராக இருக்க டைல்களுக்கு இடையே பிளாஸ்டிக் துண்டுகளைச் சொருகிக்கொண்டிருப்பேன். கராஜ் கதவு வழியாக வெண்ணெய் வாசனை வரும். சாதாரண நாளில் பசி எடுக்க வைக்கும் வாசனை. அப்போது எனக்கு அழுகையும் கோபமும்தான் வந்தன. எட்டிப் பார்த்து, "டீ போடட்டுமா?" என்பார். வேண்டாம் என்பேன். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஓவனோடு சேர்ந்த பெரிய அடுப்பை முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டு அதன் அடியிலும் டைல் போடச் சலிப்பாக இருந்தது. அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? அடுப்புக்கு முன்பக்கம் மட்டும் ஒரு வரிசையை உள்ளே தள்ளிப் போட்டேன், விளிம்பு தெரியக் கூடாது என்று. அவர் மாடியில் ஒரு இன்டர்வியூவில் இருந்த நேரத்தில், மகளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மரக்கட்டையால் நெம்பி, அடுப்பின் முன்கால்களை அந்த வரிசை மேல் தூக்கி வைத்தேன். கிரானைட் மேடைக்கு அடியில் இருந்த டிஷ்வாஷரை அசைக்கவே இல்லை. அதன் கதவுக்கு நேர் கீழே வரை டைலைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தக் கடைசி வரிசைதான் மொத்தத் தரையிலும் அழகாக வந்தது. ஒரு நூல் பிசகில்லை. ஜனவரி முதல் வாரம், டைல்களுக்கு நடுவே உள்ள சந்துகளைப் பூசித் துடைத்துவிட்டு, வெறுங்காலோடு அதன் மேல் முன்னும் பின்னும் நடந்தேன். ஆபீஸில் போட்டோவைக் காட்டினேன். மூன்று நாள் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

நான்காம் நாள் அவர் பெரிய ஓவனில் பனானா பிரெட் வைத்தார். வெளியே எடுத்தபோது ஒரு முனை உயர்ந்து, மறுமுனை தாழ்ந்து, சறுக்குமரம் மாதிரி இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுப்பின் முன்கால்கள் புதிய டைல்ஸ் மேலும் பின்கால்கள் பழைய தரையிலும் இருக்கின்றன என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்கும்.

"கொஞ்சம் சாஞ்சிருக்கு. பாதியில திருப்பி வெச்சா சரியாயிடும்," என்றார்.

அப்படியே செய்யவும் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் பாதி நேரத்தில் ஓவனைத் திறந்து டின்னைத் திருப்புவார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். குறை சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அந்தப் பொறுமைதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ஜனவரி கடைசியில் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழா. பிள்ளைகளுக்கு முட்டை போடாத கேக் அறுபது துண்டு கொண்டுவருவதாக அவர் ஒத்துக்கொண்டிருந்தார். விழா ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஷ்வாஷர் ஓடிக்கொண்டிருந்தபோது என் புதிய டைல்ஸ் மேல் தண்ணீர் மெல்லப் பரவி வந்தது. கதவுக்கு அடியில் இருந்து கசிவு. குழாயை மூடிவிட்டு, துண்டுகளைப் போட்டு ஒற்றி எடுத்தோம்.

சனிக்கிழமை காலை ரிப்பேர்காரர் வந்தார். நரைத்த மீசை, நிதானமான டெக்ஸஸ் பேச்சு. கசிகிற இடம் பின்பக்கம், மெஷினை வெளியே இழுத்தால்தான் பார்க்க முடியும் என்றார். அதன் கால்களை முழுவதும் திருகி இறக்கினார். இழுத்தார். வரவில்லை. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"யார் இந்தத் தரையைப் போட்டது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நான்தான்."

"நல்ல வேலை," என்றார், உண்மையாகவே. பிறகு விளக்கினார். தரை உயர்ந்துவிட்டது, மேலே கிரானைட் மேடை அப்படியே இருக்கிறது. மெஷின் நடுவில் ஒரு குழிக்குள் மாட்டிக்கொண்டது. ஒன்று கிரானைட்டைத் தூக்க வேண்டும், அல்லது முன்னால் உள்ள டைல்ஸை உடைக்க வேண்டும். உடைத்து வையுங்கள், மதியம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

உடைக்க வேண்டியது அந்தக் கடைசி வரிசை. பிசகில்லாமல் வந்த வரிசை.

சமையல் மேடையில் அவர் கேக்குக்கு மைதா சலித்துக்கொண்டிருந்தார். முதல் டிரே அப்போதுதான் வெளியே வந்திருந்தது. பெரிய டிரே, பாதியில் திருப்ப முடியாது என்பதால் சாய்வு நன்றாகவே தெரிந்தது. பின்பக்கம் இரண்டு அங்குல உயரம், முன்பக்கம் அப்பளம் மாதிரி மெலிந்து கருகிப்போயிருந்தது. அவர் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். நான் வெடித்துவிட்டேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்களேன். என்னாலதான் கேக்கு கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்களேன்!"

"நான் என்ன சொன்னேன் இப்போ?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டீங்க. அதான். நாலு கப் மாவைக் கலக்கி உள்ள வெச்சா ஊரே கை தட்டுது. நான் ரெண்டு மாசமா முட்டி தேய இங்க கெடந்திருக்கேன், ஒரு ஆள் கேக்கல. சும்மா வேடிக்கைதான் பாத்தீங்க."

அவர் சல்லடையைக் கீழே வைத்தார். கை முழுக்க மாவு. குரல் உயரவில்லை.

"வேடிக்கை பாத்தேனா? ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நின்னேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இதப் பிடிங்கன்னு சொன்னியா? அடுப்பத் தூக்கக்கூட நான் மேல போற வரைக்கும் காத்திருந்து குழந்தையக் கூப்பிட்ட. வேலை இல்லாதவன், இவனுக்கு என்ன தெரியும்னுதானே?"

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"பின்ன?"

மகள் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டாள். அவளை மேலே போகச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவர் சொன்னது பொய் என்று மறுக்க முடியவில்லை. முழு உண்மையும் இல்லை. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாமே கையவிட்டுப் போயிட்டிருந்துச்சு. உங்க வேலை போச்சு, என் ஆபீஸ்லயும் அடுத்து யாரத் தூக்குவாங்கன்னு தெரியல. இந்தத் தரை ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு. அதையும் யார்கிட்டயும் குடுக்க மனசு வரல."

சொல்லிவிட்டு அழுதேன். அவர் பக்கத்தில் வந்து ஆறுதல் சொல்லவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "எனக்கும் அந்த மாவு ஒண்ணுதான் இருந்துச்சு," என்றார்.

பிறகு கையைக் கழுவிவிட்டு கராஜுக்குப் போனார். சுத்தியலும் உளியும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"நீ அடி. இல்லன்னா நான் அடிக்கிறேன். எது வேணுமோ சொல்லு."

"நீங்க அடிங்க. என்னால முடியாது."

அவர் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் உளியின் கோணத்தைக் காட்டினேன், பக்கத்து வரிசை விரிசல் விடாமல் இருக்க. முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது அடியில் டைல் நட்சத்திரமாகப் பிளந்தது. நான்கு டைல்களை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் ஒட்டியது அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது. அதில்கூட ஒரு அற்பப் பெருமை வந்ததை மறைக்க விரும்பவில்லை.

மதியம் ரிப்பேர்காரர் வந்து மெஷினை எளிதாக வெளியே இழுத்தார். பின்னால் ஒரு ரப்பர் குழாயில் விரிசல். மாற்ற இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் இத்தனையும் என்று நினைத்தபோது ஆத்திரம் மறுபடி பொங்கியது. ரிப்பேர்காரரை அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் அடுப்பை முன்னால் இழுத்து, அதன் பின்கால்களைத் திருகி உயர்த்தினோம். அதற்கென்று திருகு இருக்கிறது. மூன்று வாரமாக அவர் டின்னைத் திருப்பிக்கொண்டிருந்தார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன், இருவருமே அங்கே குனிந்து பார்க்கவில்லை.

அன்று மாலைக்குள் மேலும் இரண்டு டிரே கேக் தயாரானது. மட்டமாகவே வந்தது. ஆனாலும் அறுபது துண்டுக்குப் போதவில்லை. முதல் டிரேயின் கருகிய பக்கத்தை மகள் வெட்டித் தள்ளி, தேறியதைச் சதுரமாக நறுக்கினாள். வெட்டித் தள்ளியதில் பாதி அவள் வாய்க்குள்தான் போனது.

விழாவில் கேக் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. எப்போதும் போல எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். ஒரு ஆன்ட்டி மட்டும், "என்னப்பா, ஒண்ணு குட்டையா இருக்கு, ஒண்ணு நெட்டையா இருக்கு?" என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "ஓவன் கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு ஆன்ட்டி," என்றார்.

அவருக்கு ஏப்ரலில் வேலை கிடைத்தது. அதற்கு முன்பே, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, உடைத்த இடத்தைச் சரி செய்ய உட்கார்ந்தோம். அதே டைல் கடையில் இல்லை. கிட்டத்தட்ட அதே நிறத்தில் கிடைத்ததை வாங்கி, தேவைப்பட்டால் கழற்றி எடுக்கும்படி ஒரு பலகை மேல் ஒட்டுவதாக ஏற்பாடு. இந்த முறை கலவையை அவர் கரைத்தார். வாளியைப் பார்த்தேன். தண்ணீர் அதிகம். நான் முதல் நாள் செய்த அதே தப்பு.

பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

"தண்ணி ஜாஸ்திங்க."

"கேக்கு மாவு இந்தப் பதத்துலதான் இருக்கணும்."

"இது கேக்கு இல்ல."

"சரி, நீயே பண்ணு," என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கரண்டியை நீட்டினார். நான் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பவுடரைப் போடச் சொல்லிவிட்டு, வாளி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முணுமுணுத்தபடியே அவர் கிளற ஆரம்பித்தார்.