கம்ப்யூட்டர் அக்காவின் செட்டப் ஃபைல்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் பதினேழு வருஷமாக உதவியாளர். பாட்டில்களில் வரும் தண்ணீரைச் சோதித்து அறிக்கை தட்டியே விரல் தேய்ந்துபோன ஒரு நாளில், தானாகவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து ஒரு புரோகிராம் எழுதினாள். கருவி தரும் எண்களைக் கொடுத்தால் போதும், கணக்குப் போட்டு அறிக்கையை அச்சுக்கே தயாராக்கிவிடும். அரைநாள் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. அன்று முதல் கூடத்தில் அவள் ‘கம்ப்யூட்டர் அக்கா’.

கிளைக் கூடங்களும் கேட்டன. தலைவலி அங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பைத்தானை ஏற்றி, அதற்கு வேண்டிய துணைச் சரக்கையெல்லாம் ஏற்றி, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். கிளைக்காரர்கள் போனில் அழாத குறை. ஐகானை இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கிற மாதிரி செய்துகொடுங்கள், அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பேரை நானே எழுதுகிறேன் என்றார் மேலாளர்.

மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். எல்லாவற்றையும் ஒரே செட்டப் ஃபைலாகப் பொட்டலம் கட்டினால் அவள் கம்ப்யூட்டரில் சமர்த்தாக ஓடியது. தங்கையின் பழைய லேப்டாப்பில் வாயே திறக்கவில்லை. அறிக்கைப் படிவத்தை அது இன்னும் அவளுடைய ஆபீஸ் ஃபோல்டரிலேயே தேடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே ஒன்பது நாள். அதைச் சரிசெய்தால், வைரஸ் என்று சந்தேகப்பட்டு ஆன்டிவைரஸ் பொட்டலத்தையே அழித்தது. என் லேப்டாப் தினமும் செத்துப் பிழைக்கிறது என்று தங்கை அலுத்துக்கொண்டாள்.

ஒருவழியாக, பைத்தான் என்ற சொல்லையே கேட்டிராத ஒரு கிளை எழுத்தர் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்தி, அறிக்கையும் எடுத்துவிட்டு போன் செய்தார். அவள் கண் நிறைந்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார்.

“புரோகிராம்ல ‘அபவுட்’டைத் திறந்தா, எழுதினவர்னு உங்க பேர் வருதே.”

“நான்தானே சார் எழுதினேன்.”

“தலைமை ஆபீசுக்குப் போகுதும்மா. உதவியாளர் எழுதினதுன்னா யார் மதிப்பாங்க? என் பேரைப் போட்டுடுங்க.”

மாட்டேன் என்பது தொண்டை வரை வந்தது. பதவி உயர்வுப் பட்டியல் நினைவுக்கு வந்து அதை உள்ளே தள்ளியது. பேரை மாற்றித் தரவும் அவளை விட்டால் அங்கே ஆள் கிடையாது. தன் பேரைத் தானே அழித்து, அவர் பேரைத் தட்டி, மறுபடி பொட்டலம் கட்டினாள். கட்டி முடிய நாலு நிமிஷம் ஆனது. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பட்டியல் வந்தது. மேலாளர் தலைமை ஆபீசுக்கு உயர்ந்தார். அவள் பேர் எங்கும் இல்லை. புதிதாக வந்த மேலாளர், அறிக்கையை இப்போது யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே, அதற்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்று அவளைப் பாட்டில் கழுவும் பகுதிக்கு மாற்றினார். புரோகிராமே தன்னுடையது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் ‘அபவுட்’டைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“இதுல உங்க பேர் இல்லையேம்மா.”

சில மாதம் கழித்து அந்தக் கிளை எழுத்தர் போன் செய்தார். அறிக்கையில் எழுத்து பொடியாக இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டார். ஐந்து நிமிஷ வேலை. ரப்பர் கையுறையில் சோப்புத் தண்ணீர் வழிந்தது.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க” என்றாள்.

ஐயோ, மன்னிச்சுக்குங்க, தப்பான ஆளைக் கேட்டுட்டேன் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.