என் பெயரில் ஒரு மருந்துச்சீட்டு

கறம்பக்குடியில் பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் நான் மருந்துக்கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பார்மசி படித்தவள் நான்தான், உரிமமும் என் பெயரில்தான். என் கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். காலையில் அவர் கம்பம் ஏறக் கிளம்புவார், நான் ஷட்டரைத் தூக்கப் போவேன். சுகர், பிரஷர், தைராய்டு என்று நாள் முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். "நல்லா இருக்குன்னு நீங்களா நிறுத்திப்புடாதீங்க" என்று தினமும் பத்துப் பேரிடமாவது சொல்வேன். அப்படிச் சொல்கிற எனக்கு, என் பெயர் எழுதிய சீட்டில் இருந்த மாத்திரையை விழுங்க நான்கு மாதம் பிடித்தது.

அது ஒரு சின்ன விஷயத்தில் ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் பிரஷர் மாத்திரை வாங்கிப் போனார். அவர் போனபிறகு, ஐந்து மில்லிகிராம் கொடுத்தேனா பத்து கொடுத்தேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. பில்லைப் பார்த்தேன், ஐந்து என்றே இருந்தது. அலமாரியில் மிச்சம் இருந்த அட்டைகளை எண்ணினேன், அதுவும் சரியாக இருந்தது. ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் ஆறு கிலோமீட்டர் போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் பையை அவிழ்த்து அட்டையைக் காட்டினார். சரியான மாத்திரைதான். "இதுக்காகவா தங்கச்சி இந்த வெயில்ல வந்தீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுவாரம் இன்னொருவர் வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்த வாரம் இரண்டு வீடு. அப்புறம் கொடுக்கிற ஒவ்வொரு அட்டையையும் செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன். என் மகளின் பிறந்தநாள் படத்தைத் தேடினால் நூற்றுக்கணக்கான மாத்திரை அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பிறகு உடம்பும் சேர்ந்துகொண்டது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், மூச்சு பாதியில் நிற்கிற மாதிரி இருக்கும். மாரடைப்பு என்றே நினைத்துப் புதுக்கோட்டைக்குப் போய் இசிஜி எடுத்தேன். இதயத்தில் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. அங்கிருந்த மருத்துவர்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

அந்த மனநல டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இது பதற்ற நோய். நெறைய பேருக்கு இருக்கு. உங்களுக்குக் கொஞ்சம் முத்தியிருக்கு" என்றார். வாரம் ஒருமுறை வந்து பேசி, பயத்தைப் பழக்குகிற பயிற்சி செய்யலாம், கூடவே ஒரு மாத்திரையும் சாப்பிடலாம் என்றார். "பயிற்சிய மட்டும் செஞ்சும் பாக்கலாம். ஆனா ரெண்டும் சேந்தா உங்களுக்கு நல்லதுன்னு நான் நெனைக்கிறேன். முடிவு உங்களோடது."

நான் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டேன். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அதில் எழுதியிருந்த மாத்திரை என் கடையில் இரண்டாவது தட்டிலேயே இருந்தது.

ஏன் சாப்பிடவில்லை என்று இப்போது யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் செய்தித்தாள்தான். இந்த மாதிரி மனநல மாத்திரைக்கு வருகிறவர்கள் கூட்டம் கலையும்வரை தள்ளி நிற்பார்கள். சீட்டை நாலாக மடித்து நீட்டுவார்கள். நானும் குரலைத் தாழ்த்திப் பேசி, மாத்திரையைச் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுப்பேன். அதை அவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன். இது மறைக்க வேண்டிய சங்கதி என்று பதினோரு வருஷமாக அவர்களுக்கும் எனக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் முறை வந்தபோதுதான் அது உறைத்தது. இப்போது சளி மாத்திரைக்குக் கொடுக்கிற அதே கவரில்தான் அதையும் போட்டுக் கொடுக்கிறேன்.

இரண்டாவது காரணம் என் கணவர். சீட்டைப் பற்றிச் சொன்னபோது கோபப்படவில்லை, பயந்துபோனார்.

"எங்க சின்னம்மாவ நீ பாத்ததில்ல" என்றார். "அவங்களுக்கும் இப்படித்தான் மாத்திரை குடுத்தாங்க. வாயில எச்சி ஒழுகும். கூப்புட்டா திரும்பக்கூட மாட்டாங்க. நான் ஸ்கூல் விட்டு வந்து சோறு ஊட்டியிருக்கேன். ஒனக்கு அது வேணாம். கொஞ்ச நாள் கடைய மூடிப்போடு, வீட்டுல இரு, சரியாப் போயிரும்."

ஊர் என்ன பேசும் என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எட்டு வயதில் பார்த்ததைச் சொன்னார். சீட்டை மறுபடி கைப்பைக்குள்ளேயே வைத்தேன்.

நான்கு மாதம் வாராவாரம் பயிற்சிக்குப் போனேன். மூச்சைப் பழகினேன், காபியை விட்டேன், விடிந்ததும் குளக்கரையில் நடந்தேன். பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை வந்த படபடப்பு மூன்று தடவை ஆயிற்று. ஆனால் அந்த மூன்று தடவையும் என்னைக் கீழே தள்ளிவிட்டுத்தான் போயிற்று.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கடையில் யாருமில்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் யாரோ தட்டினார்கள். "ஆத்தா! உள்ள இருக்கீங்களா? அவருக்கு இழுப்பு வந்துருச்சு. மூச்சு மருந்து வேணும் ஆத்தா!" குரல் தெரிந்த குரல். மாதா மாதம் கணவருக்கு இன்ஹேலர் வாங்குகிற அம்மா. மருந்து என் தலைக்கு மேலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து ஷட்டரைத் தூக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டார். செருப்புச் சத்தம் ஓடித் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு முழுவதும் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. விசாரிக்கவும் தைரியம் இல்லை.

மறுநாள் காலை அந்த அம்மாவே வந்தார். கணவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்களாம். இப்போது தேறிவிட்டார், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். "நேத்து வந்தேன், கடை அடச்சிருந்துச்சு" என்றார் சாதாரணமாக.

நான் உள்ளேதான் இருந்தேன் என்று சொன்னேன். மறைக்கவே முடியவில்லை. எழுந்து வர முடியாமல் உட்கார்ந்திருந்தேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் முகம் மாறியது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"பயம் வருதும்மா. சும்மாவே வருது. கை காலெல்லாம் ஓடாது."

"டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க."

"சாப்புடுறீங்களா?"

நான் இன்ஹேலரை எடுத்து நீட்டினேன். அவர் இன்ஹேலரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "எங்காளுக்கு ஒன்னும் ஆகல, சரி. ஆயிருந்தா நான் இங்கிட்டு இப்படி நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நியாயமான பேச்சு. அதற்குமேல் நான் எதை யோசிக்க?

மாத்திரை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்டவள், சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நான் மாத்திரை சாப்பிடப் போறேங்க. ஒங்ககிட்ட அனுமதி கேக்கல. டாக்டர்ட்ட கூட வாங்கன்னுதான் கேக்குறேன்."

அவர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நாளைக்கு லீவு சொல்லிட்டு வாரேன்" என்றார் கடைசியில்.

டாக்டரம்மாவிடம் அவர் முதலில் கேட்டதே சின்னம்மாவைப் பற்றித்தான். டாக்டர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. "அவங்களுக்கு என்ன நோய், என்ன மருந்துன்னு தெரியாம நான் பேசக் கூடாது. ஆனா இவங்களுக்கு எழுதியிருக்கறது ஆளை மயக்கிப் போடுற மருந்து இல்ல. மொத ரெண்டு வாரம் கொமட்டும், பதற்றம்கூடக் கொஞ்சம் ஏறலாம். பலன் தெரிய நாலஞ்சு வாரம் ஆகும். ஒத்துக்கலன்னா மாத்தலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"ஒருவேளை அவ எங்க சின்னம்மா மாதிரி ஆயிட்டா?"

"அந்த அளவுக்குப் போக விட மாட்டேன். ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா ஒடனே எனக்கு போன் பண்ணுங்க. நீங்கதானே பக்கத்துல இருந்து பாக்கப் போறீங்க."

அந்தப் பொறுப்பு என் கணவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நான் கடையைப் பற்றிக் கேட்டேன். முதல் வாரம் தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அரைநாள் மட்டும் திறக்கச் சொன்னார் டாக்டர். அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஏற்கெனவே பாடம்தான். கவுன்டருக்கு வெளியே நின்று கேட்கும்போது புதிதாகத்தான் இருந்தது.

மறுநாள் இட்லி சாப்பிட்டபிறகு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருந்த விவரத்தாளை மூன்று தடவை படித்தேன். படிக்கப் படிக்க அதிலுள்ள ஒவ்வொரு பக்கவிளைவும் விழுங்குவதற்கு முன்பே எனக்கு வந்தது. கணவர் அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இத நான் படிக்கிறேன். நீ தண்ணியக் குடி" என்று சொல்லிவிட்டு அதோடு வேலைக்குப் போய்விட்டார். நான் விழுங்கினேன்.

முதல் பத்து நாள் மோசம். வாய் வறண்டது, கொட்டாவி நிற்கவில்லை, நான்காம் நாள் வாந்தி. ஒன்பதாம் நாள் நெஞ்சு முன்னைவிட அதிகமாக அடித்தது. விட்டுவிடலாம் என்று தோன்றியது. வாடிக்கையாளர் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என்ன சொல்வேனோ அதையே எனக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். டாக்டருக்கு போன் செய்தேன், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்றார். பொறுத்தேன். பயிற்சிக்கும் போனேன். புதுக்கோட்டைப் பேருந்து ஆலங்குடி தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போவேன், ஆனால் ஒரு வாரமும் விடவில்லை.

ஆறாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் மின்சாரம் போய்விட்டது. கம்ப்யூட்டர் இல்லை, பதினைந்து பேர் நிற்கிறார்கள். கையால் பில் எழுதி, டார்ச் வெளிச்சத்தில் பெயரும் அளவும் பார்த்து, ஒவ்வொருவராக அனுப்பினேன். கடைசி ஆள் போனபிறகு எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு அட்டையைக்கூடப் படம் எடுக்கவில்லை என்பது டீ பாதி குடித்தபிறகுதான் தெரிந்தது. பயம் அடியோடு போய்விடவில்லை, இன்றும் வருகிறது. வந்தாலும் எனக்கு வேலை ஓடுகிறது.

மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம் முடிந்தபோது, போன மாதம், இருவரும் டாக்டரைப் பார்க்கப் போனோம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். கணவர் முகம் மலர்ந்தது. நான் யோசித்தேன். மகளுக்குப் பொதுத்தேர்வு வருகிறது, கடையில் கூட ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

"இப்ப வேணாம் டாக்டர். இன்னும் மூணு மாசம் இப்படியே சாப்பிடுறேன். அப்புறம் கொறைக்கலாம்."

"சரி. உங்களுக்கு எப்பத் தோதோ அப்பச் செய்யலாம்" என்று சொல்லிச் சீட்டு எழுதினார்.

திரும்பி வரும்போது பேருந்தில் கணவருக்கு ஒரு போன் வந்தது. அவரோடு வேலை பார்க்கிறவர். மழைக்காலத்தில் ஒருமுறை ஷாக் அடித்ததிலிருந்து கம்பத்தைப் பார்த்தாலே வியர்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். என் கணவருக்குப் பேருந்து இரைச்சலில் கத்தித்தான் பேச வரும். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார்.

"ஆமாய்யா, மனநல டாக்டர்தான். எங்க வீட்டுல எட்டு மாசமாச் சாப்புடுறாங்க. கடையில வந்து பாரு, நல்லாத்தான் இருக்காங்க. வெள்ளிக்கெழம வாரியா, நானே கூட்டிட்டுப் போறேன்."