நானா நிறுத்திய இடங்கள்

நஸீர் நானா காலமான செய்தி வந்தபோது நாங்கள் அவரை வைத்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது சீசன் படப்பிடிப்பு. பல்லேபொலவில் உள்ள பழைய மிளகு ஸ்டோரின் மேல்மாடியில் லைட் போட்டுக் காத்திருந்தோம். நேரம் தவறாத மனிதரை அன்று காணவில்லை. "நானா கீழ்ப்படியில நின்னு, வசனத்துக்கு நடுவுல நிறுத்திக்கிட்டு இருப்பாரு. வந்துருவாருங்க" என்றார் ஒலிப்பதிவாளர் குமார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நானாவின் மகள் ரிஹானா அழைத்தாள்.

"வாப்பா மவுத்தாயிட்டாங்க அன்ட்டி. விடிய சுபஹுக்கு எழுப்பப் போனோம், எழும்பல்ல. அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

அன்று அந்த மாடியில் என்னோடு நின்றவர்களுக்கும், நானாவை டீவியில் மட்டும் பார்த்து நேசித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மிளகும் கராம்பும் வாங்கும் ஒரு ஸ்டோரின் அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவைத் தொடர்தான் 'ஈர மிளகு'. நானா அதில் மேனேஜர். நான் அதை எழுதி இயக்குகிறவள். வயதில் மூத்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்குமே அவர் நானா. எங்கள் எல்லோரிலும் நான் மட்டும் அவருக்குத் தங்கச்சி.

முதல் சீசன் படுமோசம். அதை ஒளித்துப் பயனில்லை, நீங்களே பார்த்துவிட்டுத் திட்டியிருக்கிறீர்கள். கத்தினால்தான் நகைச்சுவை என்று நான் நினைத்திருந்த காலம் அது. நானா மாத்தளை டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவர். அவர் வாசலில் நின்று கூப்பிட்டால் எதிர்க்கடைக்குப் போகிற ஆட்கள் இங்கே திரும்பி வருவார்கள். அந்தக் குரலுக்காகவே அவரைப் பிடித்துவந்து, பக்கம் பக்கமாக வசனம் எழுதி, மூச்சு விடாமல் கத்தச் சொன்னேன். கத்தினார். யாரும் சிரிக்காததால் நாங்களே சிரிப்பொலியை ஒட்டினோம். "தங்கச்சி, நம்மட நாடகம் தொடங்கினா எங்க தெருவுல எல்லாரும் வெளிய வந்து காத்து வாங்குறாங்க. ஒடம்புக்கு நல்லதுதானே" என்றார் நானா. எனக்குக் கோபம் வந்து அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

இரண்டாவது சீசனின் முதல் நாள். ஒரு விவசாயி சரியாகக் காயாத மிளகைக் காய்ந்தது என்று விற்கப் பார்க்கிறார். மேனேஜர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, வழக்கம்போல ஒரு பக்க வசனத்தால் அவரைத் துவைத்தெடுக்க வேண்டும். நானா படியேறி வந்தார், அள்ளினார், "இந்த மிளகு..." என்றார். அப்படியே நிறுத்திவிட்டார். மற்றக் கையை மேசையில் ஊன்றிக்கொண்டு விவசாயியின் முகத்தையே பார்த்தபடி நின்றார். விவசாயியாக நடித்தவர் புதியவர். என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவர், கடைசியில் "ஈரந்தாங்க ஐயா, நேத்து மழைங்க" என்று தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டார். நானா மெதுவாக, "செல்லிட்டீங்கதானே" என்று முடித்தார். கமராக்காரர் சிரித்ததில் படம் ஆடியது. அன்று பின்னேரமே மீதி வசனங்களை வெட்டினேன். ஒட்டுச் சிரிப்பையும் தூக்கி எறிந்தோம்.

தொடர் எங்கேயோ போய்விட்டது என்றார்கள். எழுத்து பக்குவப்பட்டுவிட்டது என்று என்னைப் பாராட்டினார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன்.

பெரிய கெட்டிக்காரி போல நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நானா படியேறி வந்த கையோடு எடுத்த டேக்தான் எப்போதும் நன்றாக வந்தது. உட்கார்ந்து இளைப்பாறிய பிறகு எடுத்தால் பழையபடி கடகடவென்று பேசிவிடுவார். ஆகவே அவருடைய காட்சிகளையெல்லாம் படியிலிருந்தே தொடங்கினேன். சரிவராவிட்டால், "நானா, இன்னொருக்கா கீழ போயிட்டு வாங்க" என்பேன். போய்விட்டு வருவார். "அந்த நிறுத்துற எடத்த இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்பேன். "நீட்டலாம் தங்கச்சி, அதுக்கென்ன" என்று லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவர் நெஞ்சு இரைவது மைக்கில் விழுகிறது என்று குமார் ஒரு தடவை சொன்னார். "மிளகுத் தூசி" என்றார் நானா. அந்த ஸ்டோரில் எங்கள் எல்லோருக்கும் தும்மலும் இருமலும்தான். அதனால் நானும் நம்பினேன். நம்பாவிட்டால் படப்பிடிப்பை நிறுத்த வேண்டியிருக்குமே.

ஜனாஸா வீட்டில் பெண்கள் இருந்த அறைக்குள் போனேன். நானாவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நெஞ்சு வீக்கா ஈக்கி, படி ஏற வேணாம்னு டொக்டர் செல்லியிருந்தாரு தங்கச்சி. ஒங்களுக்குச் செல்லக் கூடாதுன்னு அவங்க என்னைய சத்தியம் பண்ண வெச்சாங்க. தெரிஞ்சா மேனேஜர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவீங்கன்னு பயம்."

பிடித்த கையை விடாமலே தொடர்ந்தார்.

"டீவியில அவங்க நிறுத்துற எடத்துல பேரப்புள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் குசினிக்குள்ள, அடுப்படிக்குப் போயிருவேன். திரும்ப எப்ப பேசுவாங்கன்னு அங்க நின்னு காதக் குடுத்துக்கிட்டு இருப்பேன்."

நானாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மூச்சு திரும்பும் வரைக்கும் எதிரில் இருப்பவர் கண்ணை விடாமல் பார்த்துக்கொண்டு, முட்டிய மூச்சையே நடிப்பாக மாற்றியிருக்கிறார். அவரைவிடப் பெரிய நடிகரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைத் திரும்பத் திரும்பக் கீழே அனுப்பியது நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம்தான். குமார் சொன்னபோது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

போன கிழமை, அஞ்சலி நிகழ்ச்சிக்கு நானாவின் சிறந்த காட்சிகளைத் தொகுத்து அனுப்பும்படி சேனலில் கேட்டார்கள். எடிட்டர் இரண்டாவது சீசனில் அவர் நிறுத்திய இடங்களையெல்லாம் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் நானா காற்றுக்காகக் காத்து நிற்கிறார். ஒளிபரப்பினால் ஊரே சிரிக்கும். அவருடைய மனைவி குசினிக்குள் போவார். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, முதல் சீசனிலிருந்து ஒரு காட்சியை எடுத்து அனுப்பினேன். உடனே சேனலிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், இதுல சிரிக்க ஒண்ணுமே இல்லியே?"

"இல்லதாங்க" என்றேன். "அதையே போடுங்க."

அந்தக் காட்சியை என் போனிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். நானா படியைத் தாவித் தாவி ஏறி வருகிறார். கையிலிருக்கும் பையைக்கூடக் கீழே வைக்காமல், நான் எழுதிய அந்த மோசமான ஒரு பக்க வசனத்தை, எங்கேயும் நிறுத்தாமல் கத்தி முடிக்கிறார்.