அக்கா பானையில் விழுந்த உப்பு

டீ நேரத்தில் நான் சொன்ன கதை இது, சத்தியமானது. அங்கங்கே கொஞ்சம் இழுத்திருப்பேன். ரப்பரை இழுத்தாலும் அது ரப்பர்தானே.

எங்கள் சட்டைக் கம்பெனி கேன்டீனில் நான் ஸ்டோர்காரன். அடுப்படி முழுக்க அக்கா ராஜ்ஜியம். அக்காவுக்கு லூபஸ். உடம்புக்குக் காவல் நிற்கிற படை, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைப் போட்டு மொத்துகிற வியாதி. வெயில் ஆகாது, அவள் பிடிக்கிற குடை அவ்வளவு பெரிசு, அதன் நிழலில் பாதி ஷிஃப்ட் ஆட்கள் வேலைக்கு வந்து சேருவார்கள். மாத்திரையோ பேய்ப்பசியைக் கிளப்பும். சுவர்க் கடிகாரத்தைக்கூடத் தின்றுவிடுவது போல ஒரு மாதிரி பார்ப்பாள்.

டாக்டரம்மா உப்பைக் குறைத்து, மீன், கீரை, பழம் என்று சாப்பிடச் சொன்னார். அக்கா தன் டப்பாவில் எலுமிச்சையும் மிளகும் போட்டுப் பழகினாள். நாளாக ஆக நாக்கு மாறிவிட்டது. கேன்டீன் சூப்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தால் கடல்தண்ணீராகக் கரித்தது. பானையிலும் உப்பைக் குறைத்தாள். சாப்பிட வந்தவர்கள் மூஞ்சியைச் சுளித்தார்கள். நாளைக்கு நானே வந்து சாப்பிடுவேன், சரியில்லை என்றால் அடுப்பை விட்டுப் பாத்திரம் கழுவப் போ என்றார் மேனேஜர். அடுப்பு அக்காவுக்கு உயிர். அன்று அவளுக்குப் பசிக்கவே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அக்கா கை கழுவப் போன நேரம், அவள் மானத்தைக் காப்பாற்ற, காய் நறுக்குகிறவன் பானையில் ஒரு கை உப்பைப் போட்டான். அது தெரியாமல் பாத்திரம் கழுவும் சின்னம்மா ஒரு கை. அதுவும் தெரியாமல், சிலிண்டர் இறக்க வந்த அக்கா புருஷன், எங்கள் மாமா, இரண்டு கையாலும்.

மேனேஜர் ஒரு வாய் வைத்தார். தண்ணீர் டிரம்மைக் கட்டிப்பிடித்துக் குடித்தார். அன்று தெருக்குழாய் எதிலும் தண்ணீர் வரவில்லை.

அக்கா சூப்பை ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். பிறகு தன் மீன் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதைச் சாப்பிடுங்க சார். உப்பு வேணும்னா நீங்களே தூவிக்கங்க. என் நாக்குக்கும் உங்க நாக்குக்கும் ஒரே அளவு சரிப்பட்டு வராது."

அவர் தூவிக்கொண்டு டப்பாவை வழித்துச் சாப்பிட்டார். அடுத்த நாளிலிருந்து மேஜைக்கு மேஜை உப்புக் குப்பி, அடுப்பு அக்காவுக்கே. அன்று மட்டும் அவள் சாப்பாடு போச்சு. மேனேஜரையே ஒரு மாதிரி பார்த்தாள்.

இதோடு முடித்திருப்பேன். கூட உட்கார்ந்து டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த காய் நறுக்குகிறவன் விடவில்லை.

"நான் ஒரு சிட்டிகைதான் போட்டேன்."

"சிட்டிகையா? உன் கை முறம் மாதிரி இருக்குடா" என்றாள் சின்னம்மா.

மாமா டீயைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும். நாங்க போட்டதுக்கு அவ்வளவு கரிக்காது. ஸ்டோர்ல உப்பு மூட்டை பாதியா இறங்கிக் கிடந்துச்சே, அது எப்படி மாப்ளே?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சின்னம்மா கரண்டியைத் தேட ஆரம்பித்தாள்.