மிளகாய் டீச்சர் மன்னிப்பு எழுதவில்லை

பதினாறு வருஷமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மிளகாய் டீச்சர். அது அவளுக்கும் தெரியும். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருப்பது உண்மைதானே என்று விட்டுவிட்டாள். ஆனால் அந்தக் கோபம் பிள்ளைகள் மேல் ஒருநாளும் பாய்ந்ததில்லை. ஓர் எழுத்து பிடிபட ஒரு பிள்ளைக்கு நாற்பது நாள் ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பொறுமை மொத்தமும் அங்கேயே தீர்ந்துபோவதால் பெரியவர்களுக்கு மிச்சம் இருக்காது.

அந்தத் தனியார் பள்ளியில் சம்பளம் பிள்ளைகளின் உயரத்தைப் பொறுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு வாத்தியார் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான் அவளுக்கு. "சின்னப் பசங்கதானே, நாலு பாட்டுப் பாடினா போதும்" என்பார் தாளாளர். அதுவும் பத்து மாதத்துக்குத்தான். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. பள்ளி வாசலில் தொங்கும் சேர்க்கை விளம்பரத்தில் மட்டும் அவள் படம் இரண்டு மாதமும் சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் அவள் கணவர் வேலை பார்த்த பஸ் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். விடுமுறை தொடங்கிய மறுநாளே அவள் கடைத்தெருவில் ஒரு ஷூ கடையில் போய் நின்றாள்.

"குனிஞ்சு நிமிர்ற வேலை டீச்சரம்மா. ஒத்து வருமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பதினாறு வருஷமா குனிஞ்சுதான் நிக்கறேன். எங்க கிளாஸ் டெஸ்க்கு முழங்கால் உயரம்."

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது கடையில் நிற்க இடமில்லை. அவள் தரையில் குத்துக்காலிட்டு ஒரு சிறுமியின் காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்ததும் சிறுமி, "ஐ, மிளகாய் மிஸ்!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போன வருஷம் பாதியில் சேர்ந்து, இன்னொரு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கப்போகிறவள்.

"கத்தாதே. எது வலது கால், சொல்லு பார்ப்போம்."

சிறுமி சரியாக நீட்டினாள். பக்கத்தில் நின்ற சிறுமியின் அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. கைப்பேசியில் டீச்சரை ஒரு படம் எடுத்தாள். ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தாளாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவர் கைப்பேசியில் அந்தப் படம் இருந்தது.

"கடையில ஷூ மாட்டிவிடறவங்கதான் என் பொண்ணுக்கு டீச்சரான்னு அந்தம்மா கேக்கறாங்க. நம்ம பள்ளிக்கூடத்து மானம் என்ன ஆகறது? ஆசிரியர் வேலை புனிதமானது, டீச்சர். அது தொண்டு."

"நல்ல தொண்டு சார். பசங்ககிட்ட பன்னிரண்டு மாசத்துக்கு ஃபீஸ் வாங்கறீங்க. என் வயிறு மட்டும் ரெண்டு மாசம் லீவு போடுமா?"

தாளாளர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுங்க. இல்லேன்னா திறக்கற அன்னிக்கு வரவேண்டாம்."

அவள் பேனாவை எடுத்தாள். 'விடுமுறைக்குச் சம்பளம் கொடுத்தால் கடைக்குப் போக மாட்டேன்' என்று முத்து முத்தாக ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும்?"

"எதுக்குங்க மன்னிப்பு? பசிச்சதுக்கா?"



விஷயம் தெரிந்து ஷூ கடைக்காரர், வருஷம் முழுக்க இங்கேயே இருந்துவிடுங்கள் என்றார். பள்ளியில் வாங்குவதைவிட அதிகம் தருவதாகவும் சொன்னார். அவள் சரக்கு அறைக்குள் போய், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஆத்திரத்தில் அழுதாள். ஷூ விற்கிறவளுக்குப் பன்னிரண்டு மாதமும் வயிறு உண்டு என்று இந்த மனுஷனுக்குத் தெரிகிறது. எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கும் உண்டு என்று பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்குத் தெரியவில்லையே.

பள்ளி திறந்தது. அவள் கடையில் நின்றாள். ஒன்றாம் வகுப்புக்கு அப்போதுதான் கல்லூரி முடித்த ஒரு பெண்ணை, அவள் வாங்கியதிலும் குறைந்த சம்பளத்துக்குப் போட்டார்கள். நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு நடுவில் அந்தப் பெண் நான்கு நாள் தாக்குப்பிடித்தாள். ஐந்தாம் நாள் அழுதுகொண்டே போனவள் திரும்பி வரவில்லை. பிறகு விளையாட்டு வாத்தியார் விசிலோடு வந்து உட்கார்ந்தார். பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். படம் எடுத்த அம்மாதான் முதல் ஆள். மகள் பள்ளிக்கே வரமாட்டேன் என்கிறாளாம்.

தாளாளர் முதலில் குமாஸ்தாவை அனுப்பினார். "அவரையே வரச் சொல்லுங்க" என்று அவள் திருப்பி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். அவள் ஒரு குழந்தைக்கு லேஸ் கட்டி முடித்த பிறகுதான் எழுந்தாள்.

"சரி டீச்சர். லீவுக்கு ஒரு மாசச் சம்பளம் தரேன். ரெண்டு முடியாது."

"எழுத்துல குடுங்க. எனக்கு மட்டும் இல்ல, எல்லா டீச்சருக்கும்."

"எல்லாருக்குமா?"

"இந்தக் கடையில இன்னும் நாலு பேருக்கு வேலை இருக்கு சார். நம்ம டீச்சருங்களையே கூட்டிட்டு வந்துடவா?"

மறுநாள் கடிதம் வந்தது. கடைக்காரரிடம், "அடுத்த கோடையில ஒரு மாசம் வருவேன். இடம் வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆசிரியர் அறையில் கைதட்டினார்கள். மூன்று வாரமாக அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யாதவர்கள். அவள் யாரையும் பார்த்துச் சிரிக்காமல் வகுப்புக்குப் போய் நோட்டுகளைத் திறந்தாள். பக்கம் பக்கமாக ஒரே எழுத்து. கையைப் பிடித்துக் காட்ட ஆளில்லாமல், எல்லாப் பிள்ளைகளும் அதை முடிக்கவேண்டிய முனையிலிருந்து ஆரம்பித்து எழுதிப் பழகியிருந்தார்கள். கோடு அழுத்தமாகத் தொடங்கிய இடமே அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நோட்டை அள்ளிக்கொண்டு தாளாளர் அறைக்கு நடந்தாள்.

"இந்த மூணு வாரத்தை இதுங்களுக்கு யார் சார் திருப்பித் தருவா?"

அவர் நோட்டைப் பார்த்தார். என்ன தப்பு என்றே அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. திரும்பி வந்து, பலகையைத் துடைத்துவிட்டு, முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தாள்.